செவர்லே பிக்அப்பின் டேங்கை இறக்கிய கும்பகோணம் பட்டறை: எப்படி இருந்தது வேலை?

என் பழைய செவர்லே பிக்அப்பில் கேபினுக்குள் இருந்த பெட்ரோல் டேங்கை எடுத்துவிட்டு, வண்டிக்கு அடியில் புது டேங்க் வைத்துக்கொண்டேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டேங்க் செய்ததற்குப் பத்துக்கு ஒன்பது. அந்த டேங்குக்குள் பெட்ரோல் இறங்கும் குழாயைப் பூட்டியதற்கு ஐந்து. சொன்ன தேதியில் வண்டியைக் கொடுத்ததற்கு இரண்டு, அதுவும் போகும்போதெல்லாம் கேட்காமலே டீ வாங்கிக் கொடுத்ததற்காக. ஆனாலும் மறுபடி இப்படி ஒரு வேலை வந்தால் அங்கேதான் போவேன். பழைய பிக்அப் வைத்திருக்கும் நாலு பேருக்காவது உதவும் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

வண்டி 1951 செவர்லே, 3100 வகை, ஆறு சிலிண்டர். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லிருந்து 1950-களின் தொடக்கம் வரை பம்பாய் சேவ்ரியில் வண்டி பூட்டிக்கொண்டிருந்த காலத்துச் சரக்கு. தாத்தா அரிசி ஆலைக்கு வாங்கினார். ஆலை போய்விட்டது, வண்டி எங்களிடமே தங்கிவிட்டது. குடவாசல் பக்கம் எங்களுக்கு விதை, உரக் கடை இருக்கிறது. கடையிலிருந்து எங்கள் வயலுக்கு மூட்டை போட்டுப் போக, வர, நான்தான் இதை ஓட்டுகிறேன்.

இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் இருப்பது கேபினுக்குள். சீட்டைச் சாய்த்தால் முதுகுக்குப் பின்னால் டேங்க், நடுவில் வேறு எதுவும் கிடையாது. பெட்ரோல் ஊற்றும் வாய் மட்டும் கேபினின் பக்கச் சுவரில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாயையும் டேங்கையும் இணைக்கும் ரப்பர் கேபினுக்குள்ளேயேதான் கிடக்கிறது. அதில் மயிரிழை வெடிப்பு விட்டால் போதும், சித்திரை வெயிலில் உள்ளே உட்கார முடியாது. பெட்ரோல் அளவு காட்டும் மிதவையைப் பூட்டிய இடத்துப் பேக்கிங்கும் சுருங்கிப்போயிருந்தது. என் மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே திருவாரூர் வரை வந்தார். திரும்பும்போது, “நீ ஓட்டிக்கிட்டு வாம்மா, நான் பஸ்ல வந்துடறேன்” என்று போய்விட்டார்.

வாடை ஒரு பக்கம். துரு இன்னொரு பக்கம். பழைய டேங்கின் உட்பூச்சு உரிந்து, இன்ஜின் பக்கம் இருக்கும் கண்ணாடிக் கிண்ண ஃபில்டரில் செம்மண் போல வண்டல் சேர்ந்துகொண்டே இருந்தது. இதில் இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வேறு. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கார்க்கையும் ஊறவைத்துக் கெடுக்கும். 1951-ல் செய்த எந்த ரப்பரும் இதை நினைத்துச் செய்ததில்லை.

“ஒரிஜினல் போயிடுமே” என்று அங்கலாய்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். இதே வண்டியில் 1947, 48 மாடல்களுக்கு டேங்க் பின்பாடிக்கு அடியில், சேஸ் என்னும் அடிச்சட்டத்தில்தான் இருந்தது. 1949-ல்தான் அதைத் தூக்கிக் கேபினுக்குள் வைத்தார்கள். 1973-ல் புது மாடல் வந்தபோது செவர்லேயும் ஃபோர்டும் டேங்கைக் கேபினை விட்டு வெளியே எடுத்துவிட்டன. செவர்லே அப்போது அதைச் சேஸ் கட்டைக்கு வெளிப்பக்கம் மாட்டியது. பக்கவாட்டில் மோதினால் தீப்பிடிக்கிறது என்று அதுவே 1990-களில் அமெரிக்காவில் பெரிய வழக்கானது. எனவே என் தேவை தெளிவாக இருந்தது: டேங்க் கேபினை விட்டு இறங்க வேண்டும், ஆனால் இரண்டு சேஸ் கட்டைகளுக்கு உள்ளே, பின் ஆக்சிலுக்குப் பின்னால் உட்கார வேண்டும். அங்கே ஸ்டெப்னி தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டெப்னி மேலே போகட்டும்.

இந்தப் பட்டறைக்கு முன் வேறொரு ஊரில் ஒரு இடத்தில் கேட்டேன். பழைய டேங்கையே வெட்டிச் சின்னதாக்கி, கேஸ் வெல்டிங் வைத்து அடியில் மாட்டித் தருகிறேன் என்றார்கள். “கழுவிட்டு வைப்பீங்களா?” என்று கேட்டதற்கு, “காலி டேங்க்தானே மேடம்” என்று பதில் வந்தது. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. உள்ளே நிற்பது பெட்ரோல் ஆவியும் காற்றும், நெருப்பைக் காட்டினால் வெடிக்கும் கலவை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

கும்பகோணம் பட்டறை, ஊருக்கு வெளியே, புறவழிச்சாலையை ஒட்டி இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, விலாசத்தை இங்கே போடவும் பட்டறை நடத்தும் பாய் வேண்டாம் என்றுவிட்டார். இருக்கிற வேலையே முடியவில்லையாம். பாய் டிங்கரிங்கில் பழுத்தவர். பக்கத்துக் கொட்டகையில் ஹோட்டல்களுக்கு எவர்சில்வர் மேஜை, பாத்திரம் கழுவும் தொட்டி செய்யும் ஒரு தம்பி, ஆர்கான் வெல்டிங்கில் கை தேர்ந்தவர். இரண்டு பேரும் சேர்ந்துதான் என் டேங்க்கைச் செய்தார்கள்.

பாய் வண்டியைப் பார்த்ததும் விலை சொல்லவில்லை. ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்துவிட்டார். வெளியே வந்து, “தங்கச்சி, ஸ்டெப்னி தொட்டில் மாட்டியிருந்த ஓட்டை அப்படியே இருக்கு. சேஸ்ல புதுசா ஒரு ஓட்டை போட மாட்டேன், வெல்டிங்கும் வைக்க மாட்டேன். நாளைக்கு வேணாம்னா கழட்டிடலாம்” என்றார். நான் கேட்க நினைத்ததை அவரே சொன்னார். அங்கேயே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

டேங்க் 65 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 18 உயரம். எஸ்.எஸ். 304 என்னும் எவர்சில்வர், 16 கேஜ் கனத்தில் தகடு. கணக்குக்கு 46 லிட்டர் சொச்சம். மேலே காற்றுக்கு இடம் விட்டது போக 43 லிட்டர் கொள்ளும். உள்ளே குறுக்காக இரண்டு தடுப்புத் தகடுகள், பிரேக் பிடிக்கும்போது பெட்ரோல் மொத்தமாக முன்னால் ஓடி மோதாமல் இருக்க. தடுப்புகளின் கீழ் மூலைகளை வெட்டிவிட்டிருக்கிறார்கள், அடியில் இருக்கும் பெட்ரோல் ஒரு அறையில் சிக்கிக்கொள்ளாமல் ஓடிவர. அடித்தட்டில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு குழிவு, அதில் வடிகால் போல்ட். வண்டலும் தண்ணீரும் அங்கே சேரும், வருஷம் ஒருமுறை திறந்துவிட்டால் போதும். இந்தக் குழிவை நான் கேட்கவில்லை, அந்தத் தம்பியாகச் செய்தது. வெல்டிங் தையல் அளவெடுத்த மாதிரி ஒரே சீராக ஓடுகிறது. மூலைகளில்கூடக் கருகல் இல்லை.

கசிவு பார்த்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பட்டறைக்குப் பின்னால் ஒரு பம்ப்செட் தொட்டி இருக்கிறது. எல்லா வாயையும் அடைத்து, ஒன்றில் மட்டும் சைக்கிள் டியூப் வால்வைப் பூட்டி, கைப்பம்பால் கொஞ்சமே கொஞ்சம் காற்று அடித்தார்கள். கம்பிரசர் பக்கத்திலேயே இருந்தது, அதைத் தொடவில்லை. தட்டையான டேங்குக்குள் 3 பி.எஸ்.ஐ அழுத்தத்தில் காற்று என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். 65-க்கு 40 பரப்பில் கணக்குப் போட்டால் மேல்தகட்டை அது அரை டன் விசையோடு தள்ளும். கம்பிரசரை ஒரு நொடி திறந்துவிட்டால் டேங்க் பூரியாகிவிடும். அப்புறம் டேங்கைத் தொட்டியில் இறக்கினார்கள். காற்றடைத்த பெட்டி தண்ணீருக்குள் போகுமா? ஒரு பையன் அமுக்கினான், மேலே வந்தது. இரண்டு பேர் ஏறி உட்கார்ந்தார்கள். பாய் தொட்டிச் சுவரில் குனிந்து, ஒவ்வொரு தையலாக விரலால் தடவிக்கொண்டே போனார். பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் மிதவைக் கருவியான சென்டரைப் பூட்டும் வளையத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் கடுகு கடுகாகக் குமிழி. சாக்பீஸ் வேலை செய்யாது என்று, கூர்மையான ஆணியால் அங்கே கீறி வைத்தார். மறுபடி வெல்டிங், மறுபடி தொட்டி. இரண்டாவது முறை சுத்தம்.

டேங்கை வண்டியில் பூட்டிய விதமும் நன்றாகவே இருந்தது. இரண்டு இரும்புப் பட்டைகள், பட்டைக்கும் டேங்குக்கும் நடுவே தடித்த ரப்பர். நிறைந்த டேங்கின் பெட்ரோல் எடை முப்பது கிலோ சொச்சம்தான், ஒரு நெல் மூட்டையில் பாதி. அதனால் வால் தாழ்ந்துவிடும் என்ற பயமெல்லாம் வேண்டியதில்லை. அடியில் ஒரு காப்புத் தகடும் போட்டிருக்கிறார்கள். களத்து மேட்டில் ஏறி இறங்கும் வண்டிக்கு அது அவசியம். சைலன்சர் வால்குழாய் டேங்குக்கு மிக அருகே போனதைக் காட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே, வளைத்து விலக்கி, நடுவே வெப்பம் தடுக்கும் தகடும் வைத்தார்.

சரி, இனி குறைகள்.

பெட்ரோல் ஊற்றும் வாயைப் பாடியின் தரைப்பலகையில் வைத்து, மேலே ஒரு மூடி போட்டுவிடலாம் என்பது பாயின் யோசனை. வேலை சுலபம், குழாய் நேராக இறங்கும். ஆனால் நான் மூட்டை ஏற்றுகிறவள். பங்க்கில் போய் இருபது மூட்டையை இறக்கிவிட்டா பெட்ரோல் போட முடியும்? பக்கப்பலகையில், பின் மட்கார்டுக்குப் பின்னால் வைக்கச் சொன்னேன். வைத்தார்கள். ஆனால் குழாய்க்குச் சாய்வு போதவில்லை, காற்று வெளியேறும் ஹோஸும் பேனா மொத்தத்துக்குத்தான் இருந்தது, அதிலும் ஒரு இடத்தில் மடங்கியிருந்தது. பெட்ரோல் உள்ளே போக வேண்டுமானால் உள்ளே இருக்கிற காற்று வெளியே வந்தாக வேண்டும். அது வர வழியில்லை என்றால் பெட்ரோல் குழாயிலேயே எதிர்த்து நிற்கும், பங்க் துப்பாக்கி நிறைந்துவிட்டது என்று நினைத்து நின்றுவிடும். முதல் தடவை பெட்ரோல் போடப் போனபோது, டக், டக் என்று நின்றுகொண்டே இருந்தது. “அக்கா, இது நிறைஞ்சிடுச்சு” என்றான் பையன். போயிருந்தது இரண்டு லிட்டர். பின்னால் வரிசையில் நின்ற டிராக்டர்காரர் இறங்கிவந்து விசாரிக்கும் அளவுக்கு நேரமானது.

திரும்பிக் கொண்டுபோனதும் பாய் மறுக்கவில்லை. வாயை மேலே தூக்கி வைத்து, காற்றுக் குழாயை விரல் மொத்தத்துக்கு மாற்றி, டேங்கின் உச்சியிலிருந்து ஊற்றும் வாயின் கழுத்துக்கு நேராகக் கொண்டுவந்து விட்டார். காசும் வாங்கவில்லை. இப்போது துப்பாக்கியை முழுக்க அழுத்தினாலும் தடையில்லாமல் இறங்குகிறது. ஆனால் இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். அதனால்தான் ஐந்து மதிப்பெண்.

டேங்க் மூச்சு விடுவதற்கான தனிக் குழாய் விஷயத்தில் நம் பக்கத்துக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு ரோட்டில் ஓடும் ஊர் இது. குழாயின் முனையை டேங்குக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டால், தண்ணீரில் இறங்கும்போது சூடான டேங்க் சட்டென்று குளிர்ந்து, வெளித்தண்ணீரை உறிஞ்சிவிடும். இ20-இல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் போய் நிற்கும், வண்டி அதைக் குடித்துவிட்டு நடுவழியில் நின்றுவிடும். எனக்கு அந்த முனையைப் பாடியின் முன்பலகைக்குப் பின்னால், பலகையின் உச்சி வரை ஏற்றி, சின்ன ஃபில்டர் வைத்துக் கீழே திருப்பிவிட்டிருக்கிறார்கள். நடுவே, வண்டி கவிழ்ந்தால் தானாக அடைத்துக்கொள்ளும் வால்வு ஒன்று, புதிய கார் உதிரிபாகக் கடையிலிருந்து வாங்கியது.

ஹோஸ் விஷயத்தில் சண்டையே போட்டேன். பையன் முதலில் மாட்டியது டூ வீலருக்குப் போடும், கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் ஹோஸ். அது இ20-க்கு ஆறு மாதத்தில் கல்லாகிவிடும். இன்ஜெக்‌ஷன் கார்களுக்கு வரும் தடித்த கறுப்பு ஹோஸ் வாங்கி, இணைக்கும் இடங்களில் மட்டும் போட்டு, மீதி முழுவதும் உலோகக் குழாயாக ஓட்டச் சொன்னேன். சூடான புகை வெளியேறும் மேனிஃபோல்டு இருக்கும் பக்கத்தை விட்டு, எதிர்ப்பக்கச் சேஸ் கட்டையை ஒட்டிக் கொண்டுபோயிருக்கிறார்கள். சூடு பட்டால் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி, பம்ப் வெறும் காற்றை இழுக்கும். இன்ஜினோடு வந்த பழைய மெக்கானிக்கல் பம்பே அவ்வளவு தூரத்திலிருந்து இழுக்கிறது. என் வண்டி இன்னும் 6 வோல்ட், அதற்கு மின்சார பம்ப் தேடி அலைய நான் தயாரில்லை. இரண்டு நாள் நின்ற வண்டியை எடுக்கும்போது மட்டும் செல்ஃப் கொஞ்சம் கூடுதலாக அடிக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் மீட்டர். இதுதான் பட்டறைக்குப் புரியாத பாகம். வேலை முடிந்து வந்த நாளிலிருந்து மீட்டர் முள் ஃபுல்லைத் தாண்டியே நின்றது. டேங்க் ரப்பரில் உட்கார்ந்திருப்பதால் எர்த் இல்லை என்று நினைத்து, டேங்கிலிருந்து சேஸுக்கு ஒரு ஒயர் போட்டார்கள். அது எப்படியும் வேண்டியதுதான். ஆனால் முள் இறங்கவில்லை. பாய் மீட்டரைத் தட்டினார், பையன் ஃபியூஸைப் பார்த்தான். காரணம் வேறு. அந்தக் காலத்துச் செவர்லே மீட்டருக்கு, டேங்க் காலியென்றால் சென்டரின் மின்தடை 0 ஓம், நிறைந்தால் 30 ஓம் இருக்க வேண்டும். கடையில் கிடைத்த சென்டர் காலிக்கு 240, நிறைந்ததற்கு 33. அதாவது டேங்க் நிறைந்தாலும் மீட்டருக்கு ஃபுல், காலியானாலும் ஃபுல்லுக்கும் மேலே. மல்டிமீட்டரை வைத்து மிதவையை மேலும் கீழும் தூக்கிக் காட்டினேன். பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “இது கரென்ட்காரன் வேலைம்மா” என்று ஒதுங்கிவிட்டார். 0–30 ஓம் சென்டரை நானே வெளியூரிலிருந்து வரவழைத்தேன். 18 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கம்பியை வளைத்துப் பூட்டியது மட்டும் அவர். இப்போது முள் உண்மை பேசுகிறது.

காலதாமதம் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் பட்டறைப் பையன்கள் இரண்டு பேரும் நாற்று விட ஊருக்குப் போய்விட்டார்கள். பாயைக் கேட்டால், “அவன் வீட்டு வயலு, நான் என்ன சொல்றது?” என்கிறார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. அதே வாரத்தில் என் கடையில் அவர்கள்தான் விதை நெல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவசரம் என்றால் நடவு சமயத்தில் டெல்டாவில் எந்தப் பட்டறைக்கும் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

பணம்: டேங்க் மட்டும் 11,500 ரூபாய். பட்டை, காப்புத் தகடு, ஊற்றும் வாய், குழாய்கள் எல்லாம் சேர்த்து 9,000. கூலி 7,000. சென்டர், ஹோஸ், வால்வு நான் வாங்கியது தனி. கூலியில் பேரம் பேசவில்லை. ஸ்டெப்னியைப் பாடியின் முன்மூலையில் நிற்கவைக்க ஒரு தாங்கி போட்டுத் தந்தார்கள், அதற்கு 800 என்றது கொஞ்சம் அதிகம். அந்தத் தாங்கியால் இரண்டு மூட்டை இடமும் போயிற்று.

சட்டப் பக்கம் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது, இன்ஷூரன்ஸ்காரரிடமும் சொல்லிவிடுங்கள். 2021-ல் வந்த வின்டேஜ் வண்டி விதிகளின்படி, ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு ‘வி.ஏ.’ எழுத்துள்ள தனி நம்பர் வாங்கலாம். ஆனால் சேஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அந்த நம்பர் வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் நான் வைத்திருப்பது போலப் பழைய டேங்கைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். கேபினில் எதையும் வெட்டவில்லை. பழைய வாயின் ஓட்டையைக்கூட மூடியோடு அப்படியே விட்டிருக்கிறேன். கேபினைப் பார்த்தால் மாற்றம் தெரியாது. ஒரு பங்க்கில் பையன் அதைத் திறந்து பெட்ரோல் ஊற்றப் போனான். அன்றைக்கே உள்ளேயிருந்து தகடு வைத்து அடைத்துவிட்டேன்.

இப்போது எப்படி ஓடுகிறது? கேபினில் பெட்ரோல் வாடை சுத்தமாக இல்லை. பழைய சீட் ரெக்சின் வாடைதான் பாக்கி. டேங்க் இருந்த இடத்தில் குடை, ஜாக்கி, தண்ணீர் கேன், கடைக் கணக்கு நோட்டு எல்லாம் இருக்கின்றன. நன்னிலம் வழியாகக் காரைக்கால் போய், அங்கே விலை குறைவு என்பதால் டேங்கை நிரப்பிக்கொண்டு திரும்பினோம். போகும்போது மாமியார் முன்சீட்டில் உட்கார்ந்து, திருநள்ளாறு வரை தூங்கிக்கொண்டே வந்தார்.

இந்தப் பட்டறையைத் தேடிப் போகிறவர்களுக்கு: காலையில் போங்கள், வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் பூட்டியிருக்கும். வண்டியின் மீட்டருக்கு எத்தனை ஓம் என்று முன்பே பார்த்து, பொருத்தமான சென்டரை வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். ஹோஸும் நீங்களே வாங்கிவிடுங்கள். வண்டியைத் திரும்ப எடுக்கும் முன் ஊற்றும் வாயில் ஒரு குடம் தண்ணீரைச் சரசரவென்று ஊற்றச் சொல்லி, எதிர்க்காமல் இறங்குகிறதா என்று பார்த்து, வடிகால் போல்ட்டைத் திறந்து முழுவதும் வடித்துக் காயவைக்கச் சொல்லுங்கள். எனக்குப் பூட்டு வைத்த மூடி தருவதாகப் பாய் சொன்னார், இன்னும் தரவில்லை. அடுத்த வாரம் உரம் எடுக்கக் கும்பகோணம் போகும்போது கேட்க வேண்டும்.